தீசிஸுக்கு சைட்டேஷன்: வேர்டா, மெண்டலேயா, ஸோட்டெரோவா, லேடெக்கா?

தீசிஸ்ல சைட்டேஷனை, அதாவது எந்த நூல்லேர்ந்து எடுத்தோம்ங்கற குறிப்பை, போட எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு கேட்டா நான் ஒரே ஒரு விஷயத்தை வெச்சுத்தான் பதில் சொல்லுவேன். சப்மிஷனுக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப கைடு கூப்பிட்டு "மூணாவது இயலை ரெண்டாவதா வைங்கம்மா, ரெஃபரன்ஸ் எல்லாம் ஏபிஏவுக்கு மாத்திடுங்க"ன்னு சொன்னா (ஏபிஏங்கறது ரெஃபரன்ஸ் எழுதற ஒரு ஸ்டைல்) எது தாங்கும்? எனக்கு அப்படியேதான் நடந்துச்சு, 230 பக்கம், அட்டவணை மட்டும் 41.

வேர்டுக்குள்ள ரெஃபரன்சஸ் டேப்லயே சைட்டேஷன் வசதி இருக்கு, 2007 வேர்டுலேர்ந்து. 20, 30 நூல்தான்னா அதுவே போதும், தனியா எதுவும் போட வேணாம். ஆனா ஒவ்வொரு நூலையும் கையாலதான் டைப் அடிக்கணும், ஸ்டைலும் கைவிரல் விட்டு எண்ற அளவுக்குத்தான், என் வேர்டுல இருந்த ஏபிஏ ஆறாவது பதிப்பு, கைடு கேட்டது ஏழாவது.

மெண்டலேவும் ஸோட்டெரோவும் நூல் விவரத்தைச் சேத்து வெச்சு வேர்டுல தானா சைட்டேஷன் போடற தனி சாஃப்ட்வேர். மெண்டலே பாக்க அழகா இருக்கு, இலவசமா 2 ஜிபி தர்றாங்க, ஸோட்டெரோ 300 எம்பிதான் தருது, பிடிஎஃப் நிறைய வெச்சிருக்கறவங்க இதைப் பாத்துதான் அந்தப் பக்கம் போறாங்க. ஆனா அந்தக் கணக்கு ஆன்லைன்ல ஏத்தற ஃபைலுக்கு மட்டும்தான், ஸோட்டெரோல உங்க லேப்டாப்ல எவ்வளவு வேணா வெச்சுக்கலாம். அதுவுமில்லாம மெண்டலேயை 2013-ல ஜர்னல் வெளியிடற எல்செவியர் கம்பெனி வாங்கிட்டாங்க, இப்ப இருக்கற மெண்டலே சைட் (Cite) ப்ளக்-இன் வேர்டுக்கு மட்டும்தான், லிப்ரே ஆபீஸ்ல (வேர்டு மாதிரி, ஆனா இலவசம்) எழுதறவங்களுக்கு வழியில்ல. இதே வேலை செய்யற எண்ட்நோட்டைக் காசு குடுத்து வாங்கணும், யுனிவர்சிட்டி லைசன்ஸ் இருந்தா பாருங்க, இல்லேன்னா விடுங்க.

ஸோட்டெரோ 2006-லேர்ந்து இருக்கு, ஓப்பன் சோர்ஸ், வேர்டு, லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் மூணுலயும் ஓடும். நான் இதுக்கே வந்து நின்னதுக்குக் காரணம் நம்ம பேருங்கதான். நமக்கு குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான், ஜர்னல் சைட்லேர்ந்து இழுக்கறப்ப அந்த இனிஷியலே குடும்பப் பேர் கட்டத்துல போய் உக்காந்துடும், செந்தில்குமார் கே. எழுதின கட்டுரை "(கே, 2018)"னு வரும். எனக்கு 14 இடத்துல அப்படி வந்துச்சு. ஸோட்டெரோல அந்த ஒரு என்ட்ரியைத் திருத்திட்டு வேர்டுல ரெஃப்ரெஷ் குடுத்தேன், 14-உம் சரியாயிடுச்சு, கடைசிப் பட்டியல்ல அகரவரிசையும் தானா மாறிடுச்சு. இதை வேர்டு டாக்குமெண்ட்லயே நேரா போய் அழிச்சு எழுதாதீங்க, அடுத்த ரெஃப்ரெஷ்ல "நீங்க மாத்தியிருக்கீங்க, அப்படியே வெக்கவா"ன்னு கேக்கும், வெச்சுக்கோன்னு சொல்லிட்டா அப்புறம் ஸ்டைல் மாத்தினாலும் அந்த ஒண்ணு மட்டும் மாறாது. பக்கம் ஏற ஏற ஒவ்வொரு சைட்டேஷனுக்கும் வேர்டு மூச்சு வாங்கும், டாக்குமெண்ட் ப்ரிஃபரன்ஸ்ல தானியங்கி அப்டேட்டை ஆஃப் பண்ணிட்டு எழுதுங்க.

ஆனா "அட்டவணை 3.2-ஐக் காண்க"ங்கற க்ராஸ் ரெஃபரன்ஸை ஸோட்டெரோ தொடாது, அது வேர்டோட வேலை. இதுல, கட்டளையா டைப் அடிச்சுப் பிடிஎஃப் எடுக்கற லேடெக்கை யாரும் அடிச்சுக்க முடியாது, அட்டவணைக்கு ஒரு லேபிள் வெச்சா போதும், இயலை எங்க தூக்கிப் போட்டாலும் நம்பர் கூடவே வரும், லேபிள் விட்டுப்போனா ரெண்டு கேள்விக்குறி போட்டுக் காட்டிடும். தமிழுக்கு அதுலயே ஸீலேடெக் இல்லேன்னா லுவாலேடெக்ங்கற வகை வேணும், அதுகூடப் பழகிடும், ஆனா கைடு வேர்டோட ட்ராக் சேஞ்சஸ்லதான் திருத்துவாங்கன்னா லேடெக் பக்கமே போக முடியாது. நான் போகாததும் அதனாலதான்.

வேர்டுல அட்டவணைத் தலைப்பை இன்சர்ட் கேப்ஷன் வழியாப் போட்டு, குறிப்பை க்ராஸ் ரெஃபரன்ஸ் வழியாப் போட்டா, அது உள்ளுக்குள்ள மறைவா ஒரு புக்மார்க் வெச்சுக்கும். கேப்ஷனை முழுசா அழிச்சுட்டுத் திரும்ப அடிச்சா அந்தப் புக்மார்க்கும் போயிடும், ஆனா பழைய நம்பர் ஸ்க்ரீன்ல அப்படியே நிக்கறதால நமக்குத் தெரியாது. நான் அப்படி மூணு கேப்ஷனை அழிச்சு எழுதியிருந்தேன். பிரிண்ட் கடைல வேர்டு ஃபைலாவே குடுத்தேன், அங்க பிரிண்டுக்கு முன்னாடி ஃபீல்டை (வேர்டு தானா போடற நம்பர், குறிப்பு) அப்டேட் பண்ற ஆப்ஷன் ஆன்ல இருந்துச்சு, பைண்டிங் முடிஞ்சு கைக்கு வந்த அஞ்சு காப்பிலயும் மூணு இடத்துல "எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்"னு தடி எழுத்துல. அந்தப் பக்கத்தைப் பாத்தப்ப கை நடுங்கிடுச்சு.

அதனால கடைக்குப் போறதுக்கு முந்தின நாள் கன்ட்ரோல் ஏ குடுத்து எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, ஃபீல்டை அப்டேட் பண்ற எஃப்9 அடிங்க, அடிக்குறிப்புக்குள்ள கர்சரை வெச்சு அங்கயும் தனியா அடிங்க, ஏன்னா மெயின் டெக்ஸ்ட்ல செலக்ட் பண்றப்ப அது சேராது. அப்புறம் "எரர்!"னு இங்கிலீஷ்ல தேடிப் பாத்துட்டு பிடிஎஃபா மாத்தி அதை மட்டும் குடுங்க.