பழைய கட்டாரியைப் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள்: புதுச்சேரியில் எங்களுக்கு நடந்தது

புதுச்சேரி, கடலூர் பக்கம் வீட்டில் பழைய கட்டாரியோ பிச்சுவாவோ குத்துவாளோ வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதைச் சரிசெய்து யாருக்காவது பரிசாகக் கொடுக்க நினைத்தால், "புதுசு மாதிரி ஆக்கித் தர்றோம்" என்று சொல்லும் பழம்பொருள் கடையில் தயவுசெய்து ஒப்படைக்காதீர்கள். எங்கள் குடும்பத்துக் கட்டாரியை அப்படி ஒரு கடை பாழாக்கிவிட்டது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் நடந்ததை மட்டுமே எழுதுகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா வழியாக வந்த பொருள் அது. அம்மாவின் பங்காக எங்கள் வீட்டுக்கு வந்தது. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா (சிப்பாய்). இந்த வருஷம் அவருக்கு எண்பதாம் கல்யாணம். அவருடைய அப்பாவின் கட்டாரி அவர் கைக்கே போய்ச் சேரட்டும் என்று நானும் தங்கையும் முடிவு செய்தோம்.

கட்டாரி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மற்றக் கத்திகள் போல இதற்கு நீளப் பிடி கிடையாது. இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், நடுவில் குறுக்கே இரண்டு தண்டு. தண்டுகளைச் சேர்த்துப் பிடித்து முஷ்டியை மடக்கினால் அலகு விரல் முட்டிக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். குத்துவதற்கென்றே ஆன ஆயுதம் என்பதால் பல கட்டாரிகளில் முனையை மட்டும் தடிப்பாக விட்டிருப்பார்கள். எங்களுடையது சின்னது, அலகு ஒரு சாணுக்கும் குறைவு. பக்கச் சட்டங்களில் தங்கக் கம்பியால் கொடி வேலைப்பாடு. பாதி தேய்ந்து போயிருந்தாலும் மீதி நன்றாகத் தெரியும். அலகைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய அலை வரிகள் ஓடும். நம் ஊர் உருக்கு எஃகின் அடையாளமே அந்த வரிகள்தான். மண் குகையில், அதாவது உலோகம் உருக்கும் சின்ன மண் பாத்திரத்தில், இரும்பைக் கரிப்பொருளோடு வைத்து மூடி உருக்கி, மெதுவாக ஆறவிட்டு, அளவாகக் காய்ச்சி அடித்து எடுப்பார்கள். அப்போது எஃகுக்குள் கரிமம் செறிந்த துகள்கள் வரிசையாகச் சேர்ந்து அந்தக் கோடுகளாகத் தெரியும். இரும்பையும் எஃகையும் உருக்கிய உலைகளின் எச்சங்கள் ஈரோடு மாவட்டம் கொடுமணலிலேயே கிடைத்திருக்கின்றன.

அதில் இருந்த பழுது இரண்டே இரண்டு. அலகைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணி ஒன்று ஆடியது. கடற்காற்றில் அங்கங்கே சிவப்புத் துரு பிடித்திருந்தது.

கடையில் கொடுத்தபோது ரசீதிலேயே எழுதி வாங்கினோம்: ஆணியை இறுக்க வேண்டும், துரு பரவாமல் நிறுத்த வேண்டும், அலகைத் தேய்க்கக் கூடாது, தங்க வேலையைத் தொடக் கூடாது. கூலி 6,500 ரூபாய் என்று பேசி, உரிமையாளரே கையெழுத்துப் போட்டார். எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டுதான் ஒப்படைத்தேன்.

திரும்பி வந்தபோது சிவப்பு வெல்வெட் பெட்டிக்குள் கல்யாண மண்டபத்து எவர்சில்வர் கரண்டி போல மின்னியது. கிரைண்டரில் தேய்த்து, பஃபிங் சக்கரத்தில் ஏற்றி, மேலே வார்னிஷ் அடித்திருந்தார்கள். அலகில் ஒரு வரி கிடையாது. முனையின் தடிப்பைச் சீவிக் கூராக்கிவிட்டார்கள். தங்கக் கொடி போய்விட்டது. கம்பி பிடிப்பதற்காக அந்தக் காலத்து ஆசாரி இரும்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய கோடுகள் மட்டும் ஒரு ஓரத்தில் மிச்சம். ஆடிய ஆணியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வெல்டிங் வைத்திருந்தார்கள். மூட்டின் உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. பில் 14,000 ரூபாய்.

"சார், கொண்டு வந்தப்ப எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு, நீங்களே பாருங்க. பரிசு குடுக்குறீங்க, பளிச்னு இருக்க வேணாமா?" என்றார் கடை உரிமையாளர். ரசீதைக் காட்டினேன். "அது பையன் எழுதினது சார்" என்றார். கீழே இருந்த கையெழுத்து அவருடையது.

அதோடு விடவில்லை. இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால் அலகில் சரபோஜி மன்னர் பெயரைப் பொறித்து, "ஒரிஜினல்" என்று சர்டிபிகேட்டும் தருகிறாராம். மாமா பிள்ளைகள் பிரான்சில் இருப்பது தெரிந்ததும், பித்தளைக் கைவினைப் பொருள் என்று எழுதி அங்கேயே பார்சல் அனுப்பிவிடலாம் என்றார். இந்த இரண்டையும் எல்லோரும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் பொறிப்பது பச்சை மோசடி. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் கொடுக்காது. பார்சல் பிடிபட்டால் மாட்டிக்கொள்வது அனுப்பியவராக எழுதப்பட்டிருக்கும் நீங்கள்தான். ஆயுதத்தின் கைப்பிடி யானைத் தந்தத்தால் ஆனதாக இருந்தால் வனவிலங்குச் சட்டமும் சேரும். அதை விற்கவும் முடியாது, நினைத்தபடி பரிசாகக் கைமாற்றவும் முடியாது. அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதச் சட்ட விதிகளையும் பார்த்துக்கொண்டு பரிசளியுங்கள்.

பழைய உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலையில் அனுபவமுள்ள ஒருவரிடம் கட்டாரியைக் கொண்டுபோய்க் காட்டினோம். அலை வரி எஃகின் உள்ளேயும் ஓடுவதால், மேலே தேய்ந்தாலும், தெரிந்தவர் கையால் மெல்லிய அமிலக் கரைசல் பூசி ஓரளவு மீட்கலாம் என்றார். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் சூடு ஏறி அந்தத் துகள்களே கரைந்துவிட்டன. அங்கே வரி இனி வராது. தங்கமும் வராது. முனையும் வராது. கேட்டுக்கொண்டிருந்த மாமா, "அப்பா ஆயுத பூஜைக்கு இதை எடுத்துத் துடைக்கும்போது என்னைத் தொடவே விடமாட்டார், மாப்ளே" என்றார். எங்களை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஒருமுறை போய்ப் பாருங்கள். பழைய இரும்பு எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகும். கரும்பழுப்பாக, வழவழப்பாகப் படிந்திருப்பது அந்த இரும்புக்குப் பாதுகாப்பு. தொட்டால் பொடியாக உதிரும் சிவப்புத் துருதான் எதிரி. அதற்கு மெஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து, மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்து, பருத்தித் துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளாக ஆகப் பிசுக்காகி அழுக்கை இழுக்கும். தோல் உறைக்குள் போட்டே வைக்காதீர்கள், நம் கடற்கரை ஈரத்துக்கு உள்ளே துரு ஏறிக்கொண்டே இருக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தை அலகில் வைக்காமல் பெட்டிமேல் வையுங்கள். ஆணி ஆடினால் ஆடட்டும். நூலால் கட்டி வைத்துக்கொண்டு, வெல்டிங் மெஷினும் பஃபிங் சக்கரமும் இல்லாமல் கையால் வேலை செய்பவரைத் தேடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் ரசீதையும் முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்களையும் வைத்து மனு போட்டிருக்கிறோம். இ-ஜாக்ரிதி (e-Jagriti) என்ற இணையதளத்திலேயே போடலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. வழக்கு நடப்பதால் கடையின் பெயரை நான் எங்கும் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டுப் பொருள் இப்போது யாருடைய பட்டறையிலாவது இருந்தால், இன்றைக்கே போன் போட்டு வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். இருக்கிற நிலையிலேயே திரும்ப வாங்கி வந்துவிடுங்கள், கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை.