புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு முதல் ஊட்டல்: ராகியா, ஏத்தங்காயா, டப்பா மாவா?

என் அம்மாவுக்குத் தருமபுரி, மாமியாருக்கு நாகர்கோவில். சின்னவளுக்கு ஆறு மாதம் முடிகிற வாரத்தில் இரண்டு ஊரிலிருந்தும் சென்னைக்குப் பொட்டலம் வந்து சேர்ந்தது. அம்மா, முளைகட்டிக் காயவைத்து அரைத்த ராகி மாவைத் துணியில் சலித்து அனுப்பியிருந்தார். மாமியார் அனுப்பியது ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடி. "மக்களே, இதைக் காய்ச்சிக் குடு. பிள்ளைக்கு உடம்பு வைக்கும், வயித்துக்கும் ஒண்ணும் செய்யாது" என்று போனிலும் சொன்னார். போதாக்குறைக்கு என் கணவர் மருந்துக்கடையில் ஒரு டப்பா மாவும் வாங்கி வந்து நிறுத்தினார்.

மூத்தவன் காலத்தில் இந்தப் பஞ்சாயத்து இல்லை. அவன் முழுக்கத் தாய்ப்பாலில் இருந்தவன். சின்னவளுக்கு நான் வேலைக்குத் திரும்பிய நான்காம் மாதத்திலிருந்தே பாட்டிலில் குழந்தைகளுக்கென்று விற்கும் பவுடர் பால் (ஃபார்முலா)தான். சரி, டாக்டரையே கேட்டுவிடலாம் என்று போனால், எந்த மாவு என்று அவர் பேச்சையே எடுக்கவில்லை. "பாட்டில்ல என்ன பால் குடுக்கறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம் புரிந்தது.

குழந்தை பிறக்கும்போதே உடம்பில் இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும். அமெரிக்கக் கணக்குப்படி 7 முதல் 12 மாதம் வரை ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. இருப்பது நன்றாக உடம்பில் சேரும், ஆனால் இந்த வயதுக்கு அது மட்டும் போதாது. பவுடர் பாலில் இரும்பைச் சேர்த்தே விற்கிறார்கள், டப்பாவின் பின்பக்கம் அளவு போட்டிருக்கும். பசும்பாலில் இரும்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். அதோடு, மற்ற உணவில் வரும் இரும்பு உடம்பில் சேருவதையும் அது தடுக்கும். சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கசியவும் காரணமாகும்.

ஆக, பாட்டிலில் பவுடர் பால் என்றால் முதல் உணவில் கொஞ்சம் நிதானமாக இருக்கலாம். பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கிற வீடு என்றால் முதல் உணவே இரும்புள்ளதாக இருக்க வேண்டும். பசும்பால் விஷயத்தில் பெரிய அமைப்புகளுக்குள்ளேயே ஒரே பேச்சு இல்லை. தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு மேல் பவுடர் பாலோ விலங்குப் பாலோ எதுவும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். ஒரு வயது வரை பசும்பால் முக்கியப் பானமாக வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவ அகாடமி. வாங்க முடிகிறவர்கள் ஒரு வயது வரை பவுடர் பாலிலேயே இருப்பது நல்லது என்பது என் கட்சி. முடியாதவர்களை அதற்காகக் குற்றவாளி ஆக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அவர்களுக்குத் தேவை ஈரலும் முட்டையும் பற்றிய நல்ல யோசனை.

இனி அம்மாவின் பொட்டலம். ராகியின் பெருமை கால்சியம். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம், அரிசி கோதுமை எதுவும் கிட்டே வராது. ஆனால் "ராகியில் இரும்பு கொட்டிக் கிடக்கிறது" என்று ஊரே சொல்வதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 100 கிராமில் 4 முதல் 5 மில்லிகிராம்தான். குழந்தைக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் மாவு போட்டால் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அதிலும் ராகியில் உள்ள ஃபைட்டேட், டானின் என்ற பொருட்கள் பெரும்பகுதியை வழியிலேயே மறித்துவிடும். இதைச் சொன்னபோது அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப நாங்கல்லாம் எதைத் தின்னு வளந்தோம்?" என்றார். களியோடு கீரையும் கறிக்குழம்பும் தின்று வளர்ந்தார்கள் என்பதே பதில். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆனால் அம்மாவின் மாவில் ஒரு சூட்சுமம் உண்டு, அதுதான் முளைகட்டுதல். ஒருநாள் அடுப்பில் இரண்டு கிண்ணம் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், இரண்டு ஸ்பூன் மாவு. ஒன்று கடையில் வாங்கிய சாதா ராகி மாவு, மற்றது அம்மாவினுடையது. சாதா மாவு கொதித்து ஆறியதும் ஸ்பூனைக் குத்தினால் நிற்கிற அளவுக்கு இறுகிவிட்டது. முளைகட்டியது ஸ்பூனிலிருந்து ரிப்பன்போல வழிந்தது. முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி ஊறுகிறது. கூழ் சூடேறும்போது அது மாவுச்சத்தை வெட்டி இளக்கிவிடுகிறது. ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும். சாதா மாவை விழுங்குகிற பதத்துக்குக் கொண்டுவரத் தண்ணீராக ஊற்ற வேண்டியிருக்கும், வயிறு நிறையும், சத்து நிறையாது. முளைகட்டியது அதே பதத்தில் கூடுதல் மாவைத் தாங்கும். ஃபைட்டேட்டும் ஓரளவு குறையும்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் வறுப்பது. வாசனை வரட்டும் என்று முளைகட்டிய ராகியை நன்றாகச் சிவக்க வறுத்தால் அந்த நொதி செத்துப்போகும். அப்புறம் முளைகட்டி என்ன பயன்? லேசான சூடு காட்டினால் போதும். கடையில் "முளைகட்டிய மாவு" என்று எழுதி விற்பதையும் இப்படிக் காய்ச்சிப் பார்த்தே நம்புங்கள்.

ராகியை ஊறவைத்து அரைத்துத் துணியில் பிழிந்து எடுக்கும் ராகிப் பால் இன்னொரு வழி. தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும், முதல் பத்து நாளுக்கு வசதி. நார்ச்சத்தோடு வேறு பல சத்தும் துணியிலேயே தங்கிவிடுவதால் அதிலேயே மாதக்கணக்கில் ஓட்டுவது சரியில்லை.

மாமியாரின் ஏத்தங்காய்ப் பொடிக்கு நியாயமாக ஒரு பத்தி. காயைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெயிலில் சுக்காகக் காயவைத்துப் பொடிப்பது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பிள்ளைக்கு முதல் உணவு என்றால் இந்த வகை வாழைக்காய்க் குறுக்கு (கெட்டிக் கூழ்)தான். வாசனை அபாரம், என் மகள் முகம் சுளிக்காமல் சாப்பிட்ட முதல் பொருள் இதுதான். ஆனால் இது பெரும்பாலும் மாவுச்சத்து. புரதமும் இரும்பும் சொற்பம். எடை ஏறும் என்று மாமியார் சொல்வது பொய்யில்லை, அந்த எடையை மட்டும் நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது. அதில் கருப்பட்டியும் போடுவது அங்கே வழக்கம். ஒரு வயது வரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் மனஸ்தாபம்தான்.

டப்பா மாவை ஒரே அடியாகத் திட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. நான் அந்தப் பக்கம் இல்லை. அதில் இரும்பு சேர்த்திருப்பதுதான் அதன் பலம். பசும்பால் குடிக்கும் குழந்தைக்கு ராகியைவிட அது பயன்படக்கூடும். சிக்கல் சர்க்கரையில். 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்த சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். ஐரோப்பாவில் சில நாடுகளில் அதே நிறுவனம் இதே வகை மாவைச் சர்க்கரை சேர்க்காமல் விற்பதுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. அதன் பிறகு சர்க்கரை சேர்க்காத வகைகளும் இங்கே வந்திருக்கின்றன. டப்பாவைத் திருப்பி, சேர்மானத்தில் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். இந்த வகை மாவுக்கு டிவியில் விளம்பரமே வராது, கவனித்திருக்கிறீர்களா? 1992-இல் வந்து 2003-இல் இறுக்கப்பட்ட சட்டம் ஒன்று பவுடர் பால், பால் பாட்டில், குழந்தை மாவு மூன்றுக்கும் விளம்பரத்தைத் தடுக்கிறது.

அங்கன்வாடியில் ஆறு மாதத்திலிருந்து கொடுக்கும் இணை உணவு மாவில் வெல்லம் கலந்தே வருகிறது. வாங்க வசதி இல்லாத இடத்தில் அது பெரிய துணை. வீட்டில் இருபது தானியம் பருப்பு போட்டு அரைக்கும் சத்துமாவு முதல் உணவுக்கு ஆகாது என்பேன். குழந்தைக்கு உடம்பில் தடிப்பு வந்தால் இருபதில் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளியில்.

பருப்பு சாதமும் முட்டையும் இந்தப் பந்தயத்தில் பேரில்லாமல் ஓடுகின்றன. குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, சாதம், ஒரு துளி நெய், உப்பு இல்லாமல். இரண்டாவது வாரமே ஆரம்பித்துவிட்டேன். ஏழாம் மாதத்தில் நன்றாக வேகவைத்த முட்டை. மஞ்சள் கருவை மட்டும் கொடுப்பது பழைய வழக்கம், வெள்ளையையும் சேர்த்தே கொடுக்கலாம் என்கிறார்கள் இப்போது. அசைவ வீடு என்றால் ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்). ரத்தம் ஊறும் என்று சுவரொட்டி வாங்கிக் கொடுத்த பாட்டிகளை நாம் சிரித்திருக்கிறோம். ஆனால் இந்தப் பட்டியலிலேயே இரும்பில் நிஜமாக ஜெயிப்பது அவர்கள்தான். வேகவைத்து, மையாக மசித்து, வாரத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்பூன் போதும். ஈரலில் வைட்டமின் ஏ அதிகம், தினமும் வேண்டாம். சைவம் என்றால் பருப்பில் தக்காளி சேர்த்து வேகவையுங்கள். வைட்டமின் சி கூட இருந்தால் தாவர இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

என்ன கொடுக்கிறோம் என்பதைவிட எதில் கொடுக்கிறோம் என்பதில்தான் பாட்டில் குழந்தைகள் வீட்டில் தப்பு அதிகம் நடக்கிறது. எங்கள் மாடியில் ஒரு பாட்டி, நிப்பிளின் நுனியைக் கத்தரிக்கோலால் பிளஸ் குறிபோல வெட்டி, நீர்க்கக் காய்ச்சிய ராகியைப் பாட்டிலிலேயே ஊற்றிக் கொடுப்பார். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். எனக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை. ஸ்பூனில் ஊட்டினால் முக்கால் மணி நேரம். பாதி தாடையில், பாதி என் புடவையில். ஆனால் பாட்டிலில் கூழ் கொடுத்தால் போதும் என்று சொல்ல குழந்தைக்கு வழியில்லை, பாய்ந்து வருவதை விழுங்கியே ஆக வேண்டும். புரையேறும். நாக்கால் உணவைப் பின்னுக்குத் தள்ளவும் ஈறால் மெல்லவும் பழகாது. ஒன்பது பத்து மாதத்துக்குள் கொஞ்சம் கட்டியான பதம் பழகாத குழந்தை, பிறகு இட்லித் துண்டுக்கே ஓக்காளிக்கும். கூழ் என்றால் கிண்ணமும் ஸ்பூனும்தான், இதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. பவுடர் பாலைக் கெட்டியாகக் கலப்பதும் இதே கணக்கில் தப்பு. டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு கரண்டிகூட வேண்டாம்.

அடுத்து நேரம். முதலில் பாட்டிலா, முதலில் கூழா? நல்ல பசியில் இருக்கும் ஆறு மாதக் குழந்தையிடம் ஸ்பூனை நீட்டினால் அழுகைதான் மிஞ்சும். இரண்டு நாள் பட்டேன். வயிறு நிறையக் குடித்தபின் நீட்டினால் வாயைத் திறக்காது. காலை எட்டு மணிப் பாலில் பாதியைக் கொடுத்து, கூழ் இரண்டு ஸ்பூன் ஊட்டி, மீதிப் பாலைக் கொடுத்தபோது வழிக்கு வந்தாள். ஆனால் அந்த மீதிப் பாலைப் புதிதாகக் கலப்பதுதான் சரி, அல்லது ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். வாய் வைத்த பாலை அடுத்த வேளைக்கு வைத்தால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். எட்டாம் மாதத்தில் வரிசையைத் திருப்பினேன், கூழ் முதலில், பால் பிறகு. பால் தானாகக் குறைய ஆரம்பித்தது. நானாகக் குறைக்கவில்லை; ஆறு ஏழு மாதத்தில் சத்தின் பெரும்பகுதி இன்னும் பாலில்தான் இருக்கிறது.

குழந்தையே எடுத்துச் சாப்பிடட்டும் என்று வேகவைத்த கேரட்டைக் கையில் கொடுக்கும் முறையையும் முயன்றேன். நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்குச் சரி, பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். ஸ்பூனோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். முழு நிலக்கடலை, முழு திராட்சை மட்டும் எந்த முறையிலும் கூடாது. தேனும் ஒரு வயது வரை கூடாது, சேனை என்று பிள்ளை நாக்கில் தேன் தொட்ட பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் சின்னக் குடலில் விஷத்தை உண்டாக்கும்.

இப்போது அவளுக்குப் பத்து மாதம். காலையில் தருமபுரி, சாயங்காலம் நாகர்கோவில், நடுவில் பருப்பு சாதம். டப்பா மாவு ரயில் பயணத்துக்கு மட்டும். பாட்டில் இரவு ஒரு வேளைக்கு வந்துவிட்டது. பகல் பால் எவர்சில்வர் டம்ளரில், பாதி சட்டையில்.