ஸ்பாவா, லாஸ் வேகாஸா?

பெல்ஜியத்தின் ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம்ப்ஸில் முதல் கிராண்ட் பிரி கார் பந்தயம் நடந்தது 1925-ல். லாஸ் வேகாஸின் ஸ்ட்ரிப் சாலையில் ஃபார்முலா 1 பந்தயம் தொடங்கியது 2023-ல்.

ஸ்பா தடம் ஏழு கிலோமீட்டர், இன்றைய ஃபார்முலா 1 அட்டவணையிலேயே நீளமானது. காட்டுக்குள் ஏறி இறங்கும் தடம் என்பதால் ஒரு முனையில் மழை கொட்டும், மறுமுனை காய்ந்து கிடக்கும். எந்த டயர் போடுவது என்று அணிகள் திண்டாடும். ஓ ரூஜ் திருப்பத்தில் இறங்கி, அடுத்த ராடியோன் மேட்டில் ஏறும்போது எதிரே ஓட்டுநருக்கு வானம்தான் தெரியும். இதையெல்லாம் யாரும் வரைபடத்தில் போட்டு உருவாக்கவில்லை. பழைய ஊர்ச் சாலைகள் தந்தது. அந்த மழையேதான் 2021-ல் பந்தயத்தைக் கெடுத்தது. வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னே செல்லும் பாதுகாப்பு காருக்குப் பின்னால் சில சுற்று ஊர்ந்துவிட்டு, வழக்கமான புள்ளிகளில் பாதியைக் கொடுத்தார்கள்.

வேகாஸ் 6.2 கிலோமீட்டர்; நீண்ட நேர்ச்சாலைகள், இடையில் திருப்பங்கள். முதல் ஆண்டுப் பயிற்சியில் சாலையில் பதித்த மூடி ஒன்று கிளம்பி ஓட்டுநர் சைன்ஸின் ஃபெராரியை நொறுக்கியது. இரண்டாம் பயிற்சி தொடங்கும் முன்பே ரசிகர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் பந்தயம் நன்றாக இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. கடைசிச் சுற்றில் லெக்லெர்க் பெரெஸை முந்தி இரண்டாமிடம் பிடித்தார்.

அப்புறம் பணம். வேகாஸை ஃபார்முலா 1 நிறுவனமே நடத்துகிறது. ஸ்பாவோ அட்டவணையில் இடம்பெற அந்த நிறுவனத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். புதிய ஒப்பந்தம் 2031 வரை என்றாலும் 2028-லும் 2030-லும் அங்கே பந்தயம் கிடையாது. சில தடங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு இடம்பெறும் சுழற்சி முறையாம்! சுழலட்டும், ஆனால் வேகாஸும் சேர்ந்து சுழலட்டுமே.