எச்டிடிராக்: பழைய மென்பொருள், இன்னும் கைகொடுக்கிறது

ஓர் இணையதளத்தை அப்படியே நகலெடுக்க நான் இன்னும் திறப்பது எச்டிடிராக்கைத்தான் (HTTrack). 1998-இலிருந்து இருக்கும் இலவச மென்பொருள். திரையைப் பார்த்தாலே வயது தெரியும். ஆனால் பக்கம், படம் எல்லாவற்றையும் இழுத்து வந்து, உள் இணைப்புகளை நகலுக்கு ஏற்றபடி மாற்றி எழுதிவிடுகிறது. கையால் செய்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். நண்பரின் கட்டுரைத் தளத்தை இப்படித்தான் இரண்டாவது சர்வரில் ஏற்றினேன். எங்கிருந்து, எப்போது எடுத்தது என்று ஒவ்வொரு பக்கத்தின் மூலநிரலிலும் ஒரு வரி சேர்த்துவிடுகிறது, நல்ல பழக்கம்.

மறுபடி ஓட்டினால் மாறியதை மட்டும் எடுக்கும். அதற்கு, நகலோடு சேர்ந்து உருவாகும் 'எச்டிஎஸ்-கேஷ்' (hts-cache) ஃபோல்டர் வேண்டும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

சரி, குறை? ஜாவாஸ்கிரிப்ட் (உலாவியில் ஓடும் நிரல்) நிரப்பும் பக்கங்கள் வெறும் கூடாக வரும். தளத்தின் தேடல் பெட்டியும் வேலை செய்யாது. காலண்டர் பக்கங்களை வடிகட்டியில் விலக்காவிட்டால் அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று போய்க்கொண்டே இருக்கும். அப்புறம், நகலைப் பொதுவில் வைப்பதென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, மூலத்தைச் சுட்டும் கனானிக்கல் குறியை (எது அசல் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரி) நீங்கள்தான் சேர்க்க வேண்டும். எழுத்தும் படமும் மட்டுமுள்ள தளத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.