கோர்சைக்கிளர்: சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆன என் கணினியும் ஒரு இலவசக் கருவியும்

இரவு முழுக்க பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் (வரைந்ததை நிஜம் போன்ற படமாக்கும் கணக்கு) ஓடும். ஒரு சிக்கலும் வராது. காலையில் காபியோடு உட்கார்ந்து மெயிலைத் திறந்தால் திரை கறுத்துப்போய், கணினி தானாக மறுபடி ஆன் ஆகும். ப்ளூ ஸ்கிரீன் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. ஒரே வாரத்தில் மூன்று முறை இப்படி ஆனது.

ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே வீட்டு எலிவேஷன் வரைந்து கொடுப்பது என் தொழில். என்னுடைய கிராஃபிக்ஸ் கார்டு சின்னது, அதனால் ரெண்டர் முழுவதையும் புராசஸர்தான் சுமக்கிறது. ரைசன் 5 5600எக்ஸ், 6 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). 2021இல் தம்பி பாகங்களை வாங்கிவந்து பொருத்திக் கொடுத்தான். மூன்று வருடம் அப்படியே ஓடியது. அப்புறம் வேலை கூடியபோது, இருப்பதிலேயே கொஞ்சம் வேகம் கிடைக்குமா என்று பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் திறக்கும் வன்பொருள் அமைப்புத் திரை) போனேன். பிபிஓவை (புராசஸரின் மின்சார வரம்பைத் தளர்த்தும் வசதி) ஆன் செய்து, பூஸ்ட் (உச்ச வேக) அளவை 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, கர்வ் ஆப்டிமைசரில் (கோருக்குப் போகும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வசதி) எல்லா கோருக்கும் ஒரே மாதிரி மைனஸ் 25 கொடுத்தேன். வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் 10 நிமிடம் ஓடியது, ஸ்கோரும் ஏறியது. சரி, நிலையாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

ரீஸ்டார்ட் ஆரம்பித்ததும் உள்ளூரில் ஒரு டெக்னீஷியனிடம் காட்டினேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தார், கெர்னல்-பவர் 41 என்ற வரியைக் காட்டினார். "மேடம், எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு. 6,500 ரூபா ஆகும், மாத்திடலாம்" என்றார். எஸ்எம்பிஎஸ் என்பது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. அந்த வரியின் பெயரில் பவர் என்று இருப்பதால் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த 41 சொல்வது ஒன்றுதான்: விண்டோஸ் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுவிட்டது. கரண்ட் போனாலும் அதே வரி வரும், புராசஸர் தடுமாறினாலும் அதே வரி வரும்.

தம்பி, "அக்கா, வாங்காத. என் எஸ்எம்பிஎஸ்ஸக் கழட்டித் தரேன், நாலு நாள் போட்டுப் பாரு" என்றான். போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாளே மறுபடி ரீஸ்டார்ட். 6,500 ரூபாய் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் தேடத் தொடங்கினேன். ஈவென்ட் வியூவரில் 41க்குப் பக்கத்திலேயே இன்னொரு வரி இருந்தது: டபிள்யூஎச்இஏ-லாகர், எண் 18, கேஷ் ஹைரார்க்கி எரர், புராசஸர் ஏபிஐசி ஐடி (திரெட்டின் எண்) 4. இது வன்பொருளே தன் தவறைப் பதிந்த வரி. ஒவ்வொரு கோருக்கும் இரண்டு திரெட் என்பதால் 4ஐ இரண்டால் வகுத்து, கோர் 2 ஆக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன். ராம்மையும் சந்தேகத்திலிருந்து விலக்க, எக்ஸ்எம்பியை (ராமின் கூடுதல் வேக அமைப்பு) அணைத்து, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு இரவு ஓட்டினேன். நான்கு சுற்று, ஒரு பிழையும் இல்லை. பிறகு எக்ஸ்எம்பியை மட்டும் திரும்பப் போட்டு, புராசஸரை பயாஸின் இயல்பு அளவிலேயே ஐந்து நாள் விட்டேன். ஒருமுறைகூட விழவில்லை. ஆக, தவறு நான் போட்ட ஓவர்கிளாக்கில்தான் (இயல்பைத் தாண்டி வேகம் ஏற்றும் அமைப்பு).

ஆனால் எந்த கோர்? எவ்வளவு குறைக்க வேண்டும்? இந்த இடத்தில்தான் கோர்சைக்கிளர் வந்தது.

இது கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது விண்டோஸில் ஓடும் ஒரு சிறு கட்டளை நிரல். ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் பேட்ச் கோப்பை இரண்டு முறை கிளிக் செய்தால் ஓடத் தொடங்கும், இன்ஸ்டால் எதுவும் வேண்டாம். சோதனையைச் செய்வது அதனுடனேயே வரும் பிரைம்95. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட அந்த நிரல், கணக்கின் நடுவே தன் விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும், கொஞ்சம் பிசகினாலும் நின்றுவிடும். கோர்சைக்கிளர் செய்யும் வேலை, அந்தக் கணக்கை ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரில் மட்டும் ஓட்டி, சில நிமிடங்களில் அடுத்த கோருக்கு மாற்றுவது.

கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும், என் சிக்கலின் சாவி அதில்தான் இருந்தது. ஆறு கோரும் சேர்ந்து உழைக்கும்போது மின்சார வரம்பு, சூடு இரண்டும் சேர்ந்து வேகத்தைக் கீழே இழுத்துவிடும். சினிபெஞ்சும் என் இரவு ரெண்டரும் அந்தக் கீழ் வேகத்தைத்தான் சோதித்தன. மெயில் திறப்பது போன்ற சின்ன வேலையில் ஒரே ஒரு கோர் மட்டும் எழுந்து, உச்ச வேகத்துக்குத் தாவும். நான் வோல்டேஜை வெட்டியது உண்மையில் வலித்த இடம் அந்த உச்சி. கர்வ் ஆப்டிமைசரில் ஒரு படி சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். 25 படி என்றால் 75 முதல் 125 மில்லிவோல்ட் வரை குறைத்திருக்கிறேன். பளு குறைவாக இருக்கும்போது விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

பழைய மைனஸ் 25ஐத் திரும்பப் போட்டு, திறந்திருந்த கோப்புகளை எல்லாம் சேமித்து மூடிவிட்டு ஓட்டினேன். கோர் 2 ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ரவுண்டிங் (கணக்கில் முழு எண்ணாக்கும்போது வரும் வித்தியாசம்) 0.5 வந்தது, 0.4க்குக் கீழே இருந்திருக்க வேண்டும் என்று திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது. கருவி நிற்காமல், அந்த கோரை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனது. கோர் 0உம் அன்றைக்கே தோற்றது. மற்ற நான்கும் முதல் சுற்றைத் தாண்டின. மூன்று வாரக் குழப்பத்துக்குப் பெயரும் எண்ணும் கிடைத்தபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல.

ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் நிரலைத் திறந்து பார்த்தால், நட்சத்திரம் போட்ட சிறந்த கோர் அதே கோர் 2. முதலில் வியப்பாக இருந்தது, யோசித்தால் பொருந்துகிறது. நல்ல கோர் ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் உச்ச வேகத்தைத் தொடுமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டிருக்கிறது. அதில் வெட்ட மிச்சம் அதிகம் இல்லை. விண்டோஸும் சின்ன வேலைகளை முதலில் அந்த கோருக்குத்தான் அனுப்புகிறது. எல்லா கோருக்கும் ஒரே அளவு வெட்டியது ஆறு பேருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்த மாதிரி.

அதன் பிறகு பொறுமைதான் வேலை. தோற்ற கோரில் ஐந்து படி ஏற்றுவது, மறுபடி ஓட்டுவது, நிலைத்ததும் ஒவ்வொரு படியாக இறக்கிப் பார்ப்பது. பயாஸில் எண்ணைப் போடுவதற்கு முன் நெகட்டிவ் என்று தேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கோருக்கும் பாருங்கள். அது பாசிட்டிவில் இருந்தால் வோல்டேஜ் குறையாமல் கூடும். ஒவ்வொரு மாற்றத்தையும் போனில் படம் எடுத்து வைத்தேன். பத்து நாள் ஆனது. கடைசியில் நின்ற அளவுகள்: கோர் 0 மைனஸ் 10, கோர் 1 மைனஸ் 24, கோர் 2 மைனஸ் 4, கோர் 3 மைனஸ் 20, கோர் 4 மைனஸ் 25, கோர் 5 மைனஸ் 18. பூஸ்ட் ஏற்றத்தையும் 200லிருந்து 100க்குக் குறைத்தேன். இவை என் சில்லுக்கு மட்டும். உங்கள் 5600எக்ஸில் போட்டால் விழலாம், விழாமலும் இருக்கலாம்.

நான் ஓட்டிய பதிப்பில் கோருக்கு ஆறு நிமிடம், ஆக ஒரு சுற்றுக்கு 36 நிமிடம். பிழையைக் கண்டுபிடிக்க அது போதும், நிலையாக இருக்கிறது என்று சொல்லப் போதாது. கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் கோருக்கு இரண்டு மணி நேரம் என்று மாற்றி, 12 மணி நேரம் ஓட விட்டேன். அடுத்த இரவு பிரைம்95க்குப் பதில் ஒய்-கிரஞ்சர் என்ற இன்னொரு கணக்கு நிரலை வைத்து ஓட்டினேன், அதுவும் அதே கோப்பில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். ஒரே கோர்தான் ஓடுகிறது என்பதால் விசிறிச் சத்தம்கூட எழவில்லை. பக்கத்து அறையில் அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் லாக். சோதனையின் நடுவே கணினியே ரீஸ்டார்ட் ஆகிவிட்டாலும், லாக் போல்டரில் கடைசி வரியைப் பார்த்தால் அப்போது எந்த கோர் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்துவிடும். சோதனையை இடையிடையே ஒரு கணம் நிறுத்தி மறுபடி எழுப்பும் வசதியும் உண்டு. வெறுமையிலிருந்து உச்சத்துக்குத் தாவும் அந்தத் தருணத்தை அது போலச் செய்கிறது, என் கணினி விழுந்ததும் அங்கேதான்.

குறை என்றால், கறுப்புத் திரையும் எழுத்தும்தான், அழுத்த பொத்தான் எதுவும் இல்லை. அமைப்புக் கோப்பில் விளக்கம் நிறைய இருக்கிறது, எல்லாம் ஆங்கிலத்தில். பொறுமையாகப் படிப்பவருக்குச் சிரமமில்லை. பயாஸுக்குள் போகவே தயங்குபவர் பக்கத்தில் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. ராம் கோளாறை உறுதியாகப் பிரித்துச் சொல்லவும் இது உதவாது. அதற்கு மெம்டெஸ்ட்தான், அதையும் முதலிலேயே முடித்துவிடுங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டுக் காட்சி ரெண்டர் ஆக, இயல்பு அளவில் 41 நிமிடம். நிலையற்ற பழைய ஓவர்கிளாக்கில் 37. இப்போது 38. அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ரீஸ்டார்ட் ஆன அந்த வாரத்தில் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பிய ஜிப் திறக்கவில்லை, சிஆர்சி எரர் (கோப்பு சிதைந்திருப்பதைக் காட்டும் பிழை) என்றார். நெட்தான் காரணம் என்று நினைத்து மறுபடி அனுப்பினேன். கணக்கில் பிசகும் ஒரு கோர் கோப்பையும் சத்தமில்லாமல் கெடுக்கும் என்று தெரிந்த பிறகு, அந்த மாதத்து வரைபடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஓவர்கிளாக் செய்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான்கு மாதம் ஒரு ரீஸ்டார்ட்டும் இல்லை. ஏப்ரலில் அறை 36 டிகிரியைத் தொட்டபோது, வெயிலில் எப்படி என்று பார்க்க மறுபடி ஒரு இரவு ஓட்டினேன். ஐந்தாவது மணி நேரத்தில் கோர் 2 ஒரு பிழை காட்டியது. மைனஸ் 4ஐ மைனஸ் 2 ஆக்கிவிட்டு, மறுநாள் இரவும் ஓட்டினேன். 12 மணி நேரம், பிழை இல்லை.