லைட் கோளாறு: கம்பெனி சர்வீஸா, எலக்ட்ரீசியன் பட்டறையா?

காரில் ஹெட்லைட் ஒன்று எரியாமல் போனால் திருநெல்வேலியில் இரண்டு வழி இருக்கிறது. வண்டி வாங்கிய ஷோரூமின் சர்வீஸ் சென்டர் ஒன்று. பேட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் பக்கம் வயரிங் வேலை மட்டும் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன் இன்னொன்று. எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து போகவேண்டிய இடமும் மாறும். அதனால் வண்டியை எடுப்பதற்கு முன் வாசலில் வைத்தே கொஞ்சம் பார்த்துவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் பல்பு, ஹோல்டர், அந்தப் பக்கத்து ஃப்யூஸ், எர்த் (மின்சாரம் வண்டியின் இரும்பு பாடி வழியாகத் திரும்பிப் போகும் இணைப்பு) என்று நாலு இடம்தான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்தால் பல்பை விட்டுவிட்டு ஃப்யூஸ், ரிலே (ஸ்விட்ச் சொல்வதைக் கேட்டு லைட்டுக்கு மின்சாரம் தரும் பாகம்), ஸ்டியரிங் பக்கத்து காம்பினேஷன் ஸ்விட்ச் என்று தேடவேண்டும். இண்டிகேட்டர் ஒரு பக்கம் போடும்போது மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால், பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும். ஹாலஜன் பல்பு என்றால் இடதை வலதில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பல்பு. நின்ற இடத்திலேயே நின்றால் வயர். பல்பின் கண்ணாடியை விரலால் தொடவேண்டாம். எண்ணெய்ப்பசை பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி சீக்கிரம் போய்விடும்.

பல்புதான் என்றால் யாரிடமும் போகவேண்டியதில்லை. வயர் என்று தெரிந்தால் என் ஓட்டு எலக்ட்ரீசியனுக்கு.

நான் பார்த்த வரையில் நம் பக்கம் அதிகம் படுத்துவது எர்த். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்று ஹோல்டர் பின்களை அரிக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீரில் நின்ற வண்டிகளில் கப்ளருக்குள் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) சேறு புகுந்திருந்தால் அது உடனே வேலையைக் காட்டாது, மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வயல் ஓரத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு வயரைக் கடிக்கும் எலித்தொல்லை தனி.

எங்கள் அத்தானின் வண்டியில் பிரேக் மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தது. சர்வீஸ் சென்டரில் டெயில் லேம்ப் அசெம்பிளியையே மாற்றவேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். பேட்டை எலக்ட்ரீசியன், "லைட்டுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, எர்த்தப் பாத்துட்டுப் பேசுவோம்" என்றார். அத்தானை பிரேக்கை மிதித்தபடி இருக்கச் சொன்னார். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் கருப்பு முனையை பாடியின் பெயிண்ட் இல்லாத இரும்பில் வைத்து, சிவப்பு முனையால் ஹோல்டரின் எர்த் பின்னைத் தொட்டார். நல்ல எர்த் என்றால் லைட் எரியும்போது அங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்டவேண்டும். காட்டியதோ இரண்டு வோல்ட்டுக்கு மேல். டிக்கி லைனிங்கை விலக்கினால் எர்த் போல்ட்டில் துரு, வயர் நுனியில் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நுனியை வெட்டிப் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முறுக்கியதும் சரியாகிவிட்டது.

சர்வீஸ் சென்டரில் திறமையான ஆள் இல்லை என்பதல்ல இதற்குக் காரணம். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்கவேண்டும் என்று ஓடும் இடத்தில் ஒரு போல்ட்டைத் தேடி உட்கார நேரம் தரமாட்டார்கள். பாகத்தை மாற்றுவது அவர்களுக்குச் சுலபம். ஆனால் எர்த் சரியில்லாத வண்டியில் புது அசெம்பிளி போட்டாலும் அதே கோளாறு திரும்ப வரும், பணமும் போகும். அளந்து காட்டாமல் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். இது பட்டறைக்கும் பொருந்தும்.

கம்பெனிக்கே போகவேண்டிய கோளாறுகளும் உண்டு. பல புது வண்டிகளில் லைட்டை இயக்குவது பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற சின்ன கம்ப்யூட்டர். ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீட்டைப் படிக்காமல் அங்கே கைவைக்கக் கூடாது. பழைய டெஸ்ட் லேம்பால் வயரைக் குத்திப் பார்க்கும் பழக்கம் அந்த மாட்யூலையே கெடுத்துவிடலாம். சீல் செய்த எல்இடி ஹெட்லேம்பும் அப்படித்தான். உள்ளே பழுது என்றால் பெரும்பாலும் முழுதாக மாற்றவேண்டிவரும். விலை அதிகம், அதனால் வாரண்டி இருக்கும்போதே காட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் ஹெட்லேம்பு கண்ணாடியின் உட்புறம் லேசாகப் பனி படர்ந்து, லைட் போட்டதும் மறைந்தால் பயமில்லை. அடியில் தண்ணீர் தேங்கினால் சீல் போயிருக்கிறது. அதை போட்டோ எடுத்துக்கொண்டு நேரே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பல்பும் ஃப்யூஸும் பொதுவாக வாரண்டியில் வராது. வாரண்டி உள்ள வண்டியில் வெளியே வயரை வெட்டி ஒட்டினால், அந்த சர்க்யூட்டில் பிறகு எது வந்தாலும் கையை விரித்துவிடுவார்கள்.

எலக்ட்ரீசியன்களிடம் எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. வெளிச்சம் போதவில்லை என்றதும் 60/55 வாட் (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55) எச்4 பல்பைக் கழற்றிவிட்டு 100/90 போட்டுத் தருகிறார்கள். ரிலே கிட் இல்லாமல் போட்டால் ஹோல்டர் உருகும். ரிலே வைத்தாலும் பணகுடி, வள்ளியூர் பக்கம் இருவழிச் சாலையில் எதிரே பைக்கில் வருபவருக்கு ஒரு நொடி ஒன்றுமே தெரியாது. அந்த ஒரு நொடியில் உயிர் போகும். மங்கலாக இருந்தால் முதலில் ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் வாக்கில் இருக்கும். ஹோல்டரில் 12-க்கும் கீழே காட்டினால் பல்பு மேல் குற்றமில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் ஜாப் கார்டில் (செய்யவேண்டிய வேலையைக் குறிக்கும் சீட்டு) என்ன எழுதுகிறார்கள் என்று நின்று பாருங்கள். "லைட் செக்" என்று எழுதினால் விடாதீர்கள். "லோ பீம் இடது பக்கம், மேடு பள்ளத்தில் அணைந்து எரிகிறது" என்று எழுதவையுங்கள். அதே கோளாறு திரும்ப வந்தால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான். மாற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். வாரண்டியில் மாற்றியதை மட்டும் கம்பெனி வைத்துக்கொள்ளும். பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.