தூத்துக்குடி லைனுக்கு ஒரு பழைய டிரெய்லர்: வாங்கி ஓட்டிப் பார்த்ததில்

இந்தப் பழைய டிரெய்லர் லாரி எப்படி, இப்படி ஒன்று வாங்கலாமா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். வண்டி 2018 மாடல், பி.எஸ்.4 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது), 40 டன் டிராக்டர், அதாவது எஞ்சினும் கேபினும் உள்ள, இழுக்கிற முன்பாகம். பின்னால் மூன்று அச்சு, 40 அடி கண்டெய்னர் டிரெய்லர், ஆக மொத்தம் 18 டயர். சேலம் மாவட்டம் சங்ககிரிப் பக்கம் ஒரு ஓனரிடம் புரோக்கர் வழியாக வாங்கியது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் டாட்டா கட்சியும் லேலண்ட் கட்சியும் இங்கேயே மல்லுக்கு நின்றுவிடும். முதல் வண்டியாக இப்படி ஒன்று வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் நம் பக்கத்தில் பழைய வண்டி பார்க்கும்போது கம்பெனியும் மாடலும் எனக்கு ரெண்டாம்பட்சம்தான். இத்தனை வருடம் அது என்ன லோடு அடித்தது என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

சங்ககிரி வரை ஏன் போனேன் என்பதற்கும் அதுதான் காரணம். தூத்துக்குடியில் கைக்கு எட்டும் தூரத்தில் விலை குறைவாகவே வண்டிகள் நிற்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் பாதி உப்பு லோடு அடித்தவை, மீதி துறைமுகத்துக்குள்ளேயே கிடந்து உப்புக்காற்று குடித்தவை. மேலே பெயின்ட் அடித்து, கண்ணாடியில் சாமி பேர் எழுதி, பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டி நிறுத்தியிருப்பார்கள். என் கூட வந்த மெக்கானிக் அண்ணாச்சி அப்படி ஒரு டிரெய்லருக்கு அடியில் படுத்து லாங் மெம்பரை, அதாவது நீளவாட்டில் ஓடும் அடிச்சட்டத்தை, சின்னச் சுத்தியலால் தட்டினார். புதுசாக அடித்திருந்த கறுப்புப் பெயின்ட்டோடு சேர்ந்து துரு வெங்காயத் தோல் மாதிரி அடுக்கு அடுக்காகக் கழன்று அவர் நெஞ்சு மேலேயே விழுந்தது. நான் மேலே கேபினில் உட்கார்ந்து கிலோமீட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து சத்தம் வந்தது: "எதுக்குலே மீட்டரப் பாக்க? கீழ வந்து இதப் பாருல மொதல்ல."

இன்னொரு வகை, கேரளாவுக்கு எம் சாண்டும் ஜல்லியும் அடித்த டாரஸ் வண்டிகள், அதாவது டிரெய்லர் இல்லாத, ஒரே சேசிஸில் வரும் பெரிய லாரிகள். டிரெய்லர் வேண்டாம், டாரஸ் போதும் என்று பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், ஓவர்லோடு அடித்த வண்டியில் ஸ்பிரிங் பிராக்கெட் பக்கத்தில் சேசிஸில் வெல்டிங் தடம் இருக்கும். கிரீஸும் மண்ணும் அப்பிக் கிடக்கும், துணியை வைத்துத் துடைத்தால்தான் தெரியும்.

எஞ்சின் விஷயம் சுருக்கமாக. காலையில், சொல்லாமல் போய் நிற்கணும். சொல்லிவிட்டுப் போனால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்துவிடுவார்கள். போனதும் முதலில் எஞ்சினில் கையை வைத்துப் பாருங்கள், சூடு இருந்தால் டீ குடித்துவிட்டு ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, பேக் கம்ப்ரஷன், அதாவது உள்ளேயிருந்து திரும்பி வரும் புகைக்காற்று, எவ்வளவு அடிக்கிறது என்று பாருங்கள். என் வண்டியில் லேசாக இருந்தது, அந்த வயசுக்கு அது பரவாயில்லை. பி.எஸ்.4ஐ வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டி ஓட்ட சுகம்தான், ஆனால் சென்சார் ஒன்று மக்கர் பண்ணினால் லேப்டாப்போடு ஆள் வரும் வரை ரோட்டோரம் கிடக்கணும். புது ஓனருக்கு அது தாங்காது.

டிரெய்லரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை, விற்கிறவர்களும் "எதுக்கு சார் சிரமம்" என்பார்கள். கழற்றினால்தான் டிரெய்லரை டிராக்டரோடு கோர்க்கும் கிங் பின் தேய்ந்திருக்கிறதா, அது உட்காரும் பிளேட்டுக்குக் கிரீஸ் வைத்து எத்தனை காலம் ஆயிற்று என்பது தெரியும். 2 அங்குலப் பின் அது, அத்தனை டன்னையும் இழுப்பது அதுதான். நாலு மூலையிலும் கண்டெய்னரைப் பூட்டும் டுவிஸ்ட் லாக்கைத் திருப்பிப் பாருங்கள். எனக்கு வந்ததில் ஒன்று திரும்பவே இல்லை, அதைச் சொல்லியே கொஞ்சம் விலையைக் குறைத்தேன். டயரில் பட்டனை, அதாவது ரோட்டில் படும் மேல் ரப்பரை, மட்டும் பார்க்காமல் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 3219 என்றால் 2019ஆம் வருடம் 32ஆவது வாரம் செய்தது. பட்டன் பளபளவென்று இருக்கும், உள்ளே டயர் கிழடாக இருக்கும், ரீட்ரேட் (பழைய டயர் மேல் புது ரப்பர்) போட்டது.

அப்புறம் பேப்பர். இதில்தான் புதுசாக வருகிறவர்கள் தலை சுற்றிப் போவார்கள். டிரெய்லர் வண்டி என்றால் ஒரு வண்டி இல்லை, ரெண்டு. டிராக்டருக்கு ஒரு ஆர்.சி. (பதிவுச் சான்று), டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் தனித்தனி. ரெண்டின் சேசிஸ் நம்பரையும் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்கணும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்.சி., டாக்ஸ், இன்சூரன்ஸ், கட்டாத ஃபைன் எல்லாம் வந்துவிடும். எனக்கு டிராக்டர் சுத்தமாக இருந்தது. டிரெய்லரில் பழைய ஃபைனான்ஸ் பெயர் அப்படியே நின்றது. கடன் முடிந்துவிட்டது என்று ஓனர் ரசீதே காட்டினார், பொய் இல்லை. ஆனால் ஆர்.சி.யிலிருந்து அந்தப் பெயரை எடுக்க வேண்டிய ஃபார்ம் 35இல் கையெழுத்துப் போட்டு என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கொடுக்க அந்த ஃபைனான்ஸ்காரர்கள் தீபாவளியிலிருந்து பொங்கல் வரை இழுத்தார்கள். ஒரு கிளையில் கேட்டால் இன்னொரு கிளை, அங்கே போனால் மேனேஜர் லீவு. நல்லவேளை, டிரெய்லருக்கான பணத்தைப் பிடித்து வைத்திருந்தேன், என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகுதான் கொடுத்தேன். புரோக்கருக்குக் கோபம்தான், இருக்கட்டும். பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30 ரெண்டு வண்டிக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்ற மனு கொடுத்துவிடணும். ஃபாஸ்டேக் பழைய ஓனர் பெயரில் இருந்தால் அதை மூடச் சொல்லிப் புதுசு வாங்குங்கள், இல்லாவிட்டால் வாகைக்குளம் டோல்கேட்டில் லைனில் நின்று எல்லாரிடமும் ஏச்சு வாங்கணும்.

சரி, ஓட்டம் எப்படி? தூத்துக்குடியிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு லோடு என்றால் வண்டிக்கு அது வேலையே இல்லை. லோடோடு லிட்டருக்கு மூன்று, மூன்றே கால் கிலோமீட்டர் கொடுக்கிறது. புளியரை மலைப்பாதை வழியாகக் கேரளாவில் கொல்லத்துக்கு முந்திரிக்கொட்டை ஏற்றிப் போனால் அந்தக் கணக்கு மறந்துபோகும். எஸ் வளைவில் எதிரே இன்னொரு பெரிய வண்டி வந்துவிட்டால் செங்கோட்டை வரை வரிசை நிற்கும், கிளட்ச் வாசனை கேபினுக்குள் வரும். இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, அதற்கு முழு மார்க். வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடியில் காலிக் கண்டெய்னரோடு போனால் காற்று பக்கவாட்டில் தள்ளும். அது வண்டிக் கோளாறு இல்லை, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து மெதுவாகப் போவதுதான் வழி. ஏ.சி. கிடையாது. 2025இலிருந்து தயாராகும் பெரிய லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது, நமக்கு இன்னும் நாங்குநேரி வெயிலும் ஈரத் துண்டும்தான்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. ரெண்டும் சேர்த்து 16 லட்சத்துக்கு முடிந்தது. கையில் இருந்ததை எல்லாம் முன்பணமாகக் கொட்டிவிடாமல் ஒரு லட்சத்துச் சில்லறையைத் தனியாக வைத்திருந்தேன், வந்த கொஞ்ச நாளிலேயே கிளட்ச் பிளேட்டும் பேட்டரியும் அதைத் தின்றுவிட்டன. லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீசில் டீசலுக்கு அட்வான்ஸ் தருவார்கள், மீதியை வாங்க நடக்க வேண்டும், அதுவரை டியூ காத்திருக்காது. 2018 மாடலுக்கு 8 வருடம் முடிந்துவிட்டால் வருடா வருடம் எஃப்.சி., அந்தச் செலவையும் விலை பேசும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நானே ஓட்டுகிறேன், அதனால் கட்டுப்படியாகிறது. டிரைவர் போட்டு ஓட்டலாம் என்று ஒரே ஒரு பழைய டிரெய்லர் வாங்கப் பார்க்கிறவர்களை இதை வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டிரைவர் படி, சம்பளம் போக டியூ கட்ட மிஞ்சாது, அதற்குப் பேசாமல் ஒரு சின்ன வண்டி எடுத்து நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கலாம்.